கல்வெட்டில் அச்சடிக்காத வருத்தம்

நெஞ்சு நோகுது என்று சொல்லிக்கொண்டு ஓபிடிக்குப் போகிற பெண்ணுக்கு முதலில் ஈசிஜி எடுப்பார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சு நோ என்றால் வைத்தியர் முதலில் இருதயத்தைத்தான் யோசிக்க வேண்டும். ஈசிஜி சரியாக இருக்கும். காஸ்ட்ரிக்காக இருக்கும் என்று சொல்லி ஐந்து நாளுக்குக் குளிசை எழுதிக் கொடுப்பார்கள். அவள் துண்டை மடித்து ஹாண்ட்பாக்குக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். நோகிற இடம் இடப்பக்க முலை என்பது அவளுக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. என்ன சொல்லைச் சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல் சங்கக் கவிதையில் இருக்கிறது. திருவண்ணாமலை அம்மனின் பெயரிலேயே இருக்கிறது. 2002இல் குட்டி ரேவதியின் தொகுப்பு அந்தத் தலைப்போடு வந்தபோது தமிழ்நாட்டில் நடந்த சண்டையை எங்கட வயதுக்காரர் இன்றைக்கும் இலக்கியக் கூட்டங்களில் கதைக்கிறார்கள். சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தில் அது ‘மார்பகம்’ ஆகிவிடும். எந்த வீட்டிலும் எவரும் வாயால் சொல்லாத சொல் அது. வீட்டில் ‘நெஞ்சு’, இல்லாவிட்டால் ‘அந்த இடம்’. கொஞ்சம் இங்கிலிஷ் தெரிந்தால் ‘பிரெஸ்ட்’. உடம்பின் ஒரு பாகத்தை வைத்தியரிடம் சொல்ல இன்னொரு பாஷை தேவைப்படுகிறது என்றால், அந்தப் பாஷை தெரியாத பெண் என்ன செய்வாள்? ஈசிஜி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

எங்கட வழக்கு சொல்லோடு நிற்கவில்லை. சொல்லில் தொடங்குகிற ஒளிப்பு குடும்ப வரலாறு வரைக்கும் போகிறது. அங்கேதான் ஆபத்து.

முதலில் மருத்துவத்தைச் சொல்லி முடிப்போம், வாசிக்கிற எவரும் இன்றிரவு நித்திரை இல்லாமல் கிடக்கக்கூடாது. மார்பில் நோ வருவது மிகச் சாதாரணம். பத்தில் ஏழு பெண்கள் வரை வாழ்நாளில் ஒருதரமாவது அதை அனுபவிக்கிறார்கள். மாதவிடாய்க்கு ஒரு கிழமைக்கு முன் தொடங்கி, இரண்டு பக்கமும் கனத்து, தொட்டால் நொந்து, மாதவிடாய் வந்ததும் இறங்கிப் போகிற நோ ஹோர்மோனின் வேலை. மாதச் சுழற்சியோடு சம்பந்தமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கிற நோவுக்கும் பெரும்பாலும் பெரிய காரணம் இருக்காது. விலா எலும்பு நடு நெஞ்செலும்போடு பொருந்துகிற இடத்தில் அழற்சி, பாரம் தூக்கினதால் வந்த தசைப்பிடிப்பு, நீர்க்கட்டி, அளவு பிழையான பிறேசியர், சில மருந்துகள். கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் நோவை மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது அரிது.

மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. இதை எங்கட சனம் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறது. நோகிற பிள்ளை இரவிரவாகக் கூகிளில் தேடிக்கொண்டு கிடக்கிறாள். நோகாத கட்டியோடு இருக்கிற தாய், “நோகேல்லைத்தானே, கிடக்கட்டும்” என்று ஒரு வருடத்தைப் போக்குகிறா. மகளின் சோதனை முடியட்டும், தேர் முடியட்டும், மருமகளின் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் போடுகிறா. பிந்திப்போய்க் கிளினிக்கில் நிற்கிறவ இந்தத் தாய்தான். கையில் படுகிற கட்டி, தோல் உட்குழிந்து இழுபடுவது, தோடம்பழத் தோல் மாதிரித் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே போவது, காம்பில் ஆறாத புண் அல்லது சொறி, இரத்தம் கலந்த கசிவு, கமக்கட்டில் வீக்கம்: இவற்றில் ஒன்று இருந்தால் நோகிறதா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், போகவேண்டும். சிவந்து, சூடாகி, வீங்கி நோகிற ஒரு வகைப் புற்றுநோயும் இருக்கிறது. அரிதானது, ஆனால் பால் கட்டின மாதிரியே தெரியும். அன்டிபயோட்டிக் போட்டும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்காத சிவப்பு என்றால் திரும்பவும் போய் நிற்கவேண்டும். “போன கிழமைதானே காட்டினது” என்று இருந்துவிடக்கூடாது.

அப்படியென்றால், அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ புற்றுநோய் வந்த வீட்டுப் பிள்ளை, வேறொன்றும் இல்லை நோ மட்டும்தான் என்றால், ஏன் போகவேண்டும்?

நோ என்கிற சாட்டு கிடைத்தபடியால் போகவேண்டும். இருபத்திநாலு வயதில் ஒன்றும் செய்யாத உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆரும் வைத்தியரிடம் போகமாட்டார்கள். நோ வந்த அன்றைக்குத்தான் அவளுக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வருகிறது. மொட்டந்தலையோடு கிடந்த பெரியம்மா, அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது. அந்த நோ பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் அந்தப் பயணத்தில் அவளுடைய வீட்டு வரலாற்றை ஒருவர் கேட்டு எழுதுவார், எழுதவேண்டும். எந்த வயதிலிருந்து, எந்தப் பரிசோதனையை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. உலகில் பல இடங்களில் வைத்தியர்கள் பாவிக்கிற ஒரு கணக்கு இருக்கிறது: நெருங்கிய சொந்தத்தில் எவருக்கு ஆக இளவயதில் வந்ததோ, அந்த வயதுக்குப் பத்து வருடம் முந்தியே கண்காணிப்பைத் தொடங்குவது. தாய்க்கு நாற்பத்திநாலில் வந்தது என்றால் மகளுக்கு முப்பத்திநாலு. தாய்க்கு எத்தனை வயதில் வந்தது என்று தெரியாவிட்டால்? கணக்கே இல்லை.

வைத்தியர் கேட்கிற கேள்விகள் சின்னவை. ஆருக்கு வந்தது? எத்தனை வயதில்? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? சூலகப் புற்றுநோய் ஆருக்காவது? தகப்பன் பக்கம்? எங்களுக்குத் தெரிந்த பெண்களில் இந்த ஐந்துக்கும் பதில் வைத்திருக்கிற ஒருவரைக்கூட நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. “அம்மம்மாவின்ர தங்கச்சிக்கு என்னவோ கட்டி எண்டவை.” “சின்னம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது, ஏனெண்டு தெரியாது.” “அப்பாவின்ர அக்கா கூடாத வருத்தத்தில செத்தவ எண்டு செத்தவீட்டில ஆரோ கதைச்சவை, அம்மா சத்தம்போடாதை எண்டவ.”

கூடாத வருத்தம். பெயர் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி.

இப்போது எங்கட ஊர்க் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு: நாங்கள் கோயில் கல்லைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு அச்சடித்து, சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுத்து விடுகிற நினைவு மலருக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். தேவாரம், புலம்பல் வெண்பா, மருமக்களின் இரங்கலுரை, பிறகு நடுப்பக்கத்தில் விரித்துப் பார்க்கிற மாதிரி வம்சாவளி. நாலு ஐந்து தலைமுறை, கோடு கோடாக, ஆர் ஆரைக் கட்டினார்கள், எத்தனை பிள்ளைகள், எவர் கனடா, எவர் சுவிஸ். இவ்வளவு ஒழுங்காகக் குடும்ப மரம் கீறி அச்சடித்து ஊருக்கு இலவசமாகக் கொடுக்கிற சனம் எங்களைவிட வேறெங்காவது இருக்குமோ தெரியாது. மரபியல் கிளினிக்கில் முதல் அரை மணித்தியாலம் வைத்தியர் கீறுவதும் இதே மரத்தைத்தான். அவர் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு விஷயத்தைச் சேர்த்து எழுதுவார்: என்ன வருத்தம், எத்தனை வயதில். எங்கட கல்வெட்டில் மாமியின் மருமகனின் பட்டப்படிப்புவரை இருக்கும், அந்த இரண்டும் இராது. மரண அறிவித்தலிலும் அப்படித்தான். பிறப்பிடம், வதிவிடம், அன்பு மகள், பாசமிகு மைத்துனி, எல்லாம் இருக்கும். எதால் செத்தா என்பது மட்டும் இல்லை. நாற்பத்தொரு வயதில் ஒரு பெண் செத்திருக்கிறா, ‘காலமானார்’ என்கிற ஒரு சொல்லோடு முடிகிறது.

ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். கலியாணம்.

தாய்க்கு மார்பில் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளுக்குப் பேசின இடம் குழம்பும். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு தங்கச்சிமார் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் குழம்பும். ஆகவே தாய் கீமோவுக்குப் போகும்போது “கொழும்பில தங்கச்சி வீட்டில நிக்கிறா” என்று அயலுக்குச் சொல்லப்படுகிறது. மகளுக்கு மார்பு நொந்தால் அவளை யாழ்ப்பாணத்தில் காட்டாமல், தெரிந்தவர் கண்ணில் படாத ஊராகப் பார்த்துக் கூட்டிப் போகிறார்கள். அல்லது “கட்டிப்போட்டுப் பிறகு பாப்பம்.” இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறோம்! கட்டினபிறகு? பிள்ளை பெற்றபிறகு பார்ப்போம். பெற்றபிறகு? பால் குடி மறக்கட்டும்.

இதற்கு நாங்கள் தாய்மாரைக் குற்றம் சொல்லப் போவதில்லை. அவர்கள் சந்தையின் விலை தெரிந்தவர்கள். உண்மையைச் சொன்ன வீட்டுக்கு என்ன நடந்தது என்று கண்ணால் கண்டவர்கள். எங்கட கோபம் சந்தையின் மேல். மாப்பிள்ளை வீடு விசாரிக்க வருகிறபோது பெண்ணின் சாதியை ஏழு தலைமுறைக்குப் பின்னால் போய்க் கிண்டி எடுக்கிறது. ஆர் எங்கே கலந்தது, எந்தக் கோயிலில் எந்தப் பக்கம் நின்றார்கள், எல்லாம் வாய்மொழியாக, எழுத்தில் ஒரு துண்டுகூட இல்லாமல், பிழையில்லாமல் ஞாபகம் வைத்திருக்கிற ஊர் இது. அந்த ஞாபகசக்தியில் கால்வாசியை அம்மம்மாவின் தங்கச்சி எதால் செத்தா என்பதற்குச் செலவழித்திருந்தால் எத்தனை பெண்கள் நேரத்துக்குப் பரிசோதனைக்குப் போயிருப்பார்கள்! சாதகத்தில் செவ்வாய் பார்க்கிறோம். செவ்வாயால் ஒருவரும் சாகவில்லை.

அதைவிட, மாப்பிள்ளை வீடு பயப்படுகிற மாதிரி இது பெண் வீட்டு நோயும் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் அப்படி ஒருவருமே இல்லை. பிறப்பிலேயே வருகிற மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். பிஆர்சிஏ ஒன்று, இரண்டு என்று பெயர். முதலாவது எந்த நிறமூர்த்தத்தில் கிடக்கிறது என்பதை 1990இல் மேரி கிளெயர் கிங்கின் குழு காட்டியது, 1994இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மரபணு ஆணிடமும் இருக்கும். தகப்பனிடம் இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் போக ஐம்பதுக்கு ஐம்பது சாத்தியம், தாயிடம் இருந்தால் எப்படியோ அப்படியே. தகப்பனுக்கு மார்பு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனபடியால் நோய் ஒரு தலைமுறை மறைந்து கிடந்துவிட்டுப் பேத்தியில் தலைகாட்டும். “எங்கட அம்மா பக்கம் ஒருத்தருக்கும் இல்லை” என்று நிம்மதியாக இருக்கிறவள் அப்பம்மாவையும் மாமிமாரையும் விசாரித்தாளா? இரண்டாவது மரபணுவில் கோளாறு உள்ள ஆண்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோயும், அரிதாக மார்பகப் புற்றுநோயும்கூட வரலாம். அண்ணாமாரே, தம்பிமாரே, இந்தக் கட்டுரையை அக்காவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் போகேலாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் பயமுறுத்துகிறவர்களில் ஒருவராகிவிடுவோம். தாய்க்கோ சகோதரிக்கோ ஒருவருக்கு வந்திருந்தால் மற்றப் பெண்களைவிட உங்களுடைய ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்று கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அப்படி வீட்டில் ஒருவருக்கு வந்த பெண்களிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க அது வருவதில்லை. மரபணுக் கோளாறு உறுதியான குடும்பங்களின் கதை வேறு. அங்கே எண்பது வயதுக்குள் பத்துப் பெண்களில் ஏழு பேருக்கு வரலாம் என்கிற அளவுக்கு ஆபத்து ஏறுகிறது. இந்த இரண்டு வகை வீடுகளையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்கமுடியாது. அந்த வம்சாவளியைப் பிழையில்லாமல் நிரப்பினால்தான் பிரிக்கமுடியும். இளவயதில் வந்தவர்கள், இரண்டு பக்கமும் வந்தவர்கள், ஒரே பக்கச் சொந்தத்தில் இரண்டு மூன்று பேர், சூலகமும் மார்பும் கலந்து வந்த வீடு, ஆணுக்கு வந்த வீடு: இவைதான் வைத்தியர் தேடுகிற அடையாளங்கள்.

நிரப்புவது எங்களுக்குச் சுலபம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். எங்கட குடும்ப மரங்களில் ஷெல்லும் சண்டையும் முறித்த கொப்புகள் நிறைய. முப்பத்தைந்தில் செத்த பெரியம்மாவுக்கு நாற்பத்தைந்தில் என்ன வந்திருக்கும் என்று எவருக்கும் தெரியாது. தொண்ணூறுகளில் வன்னியில் கட்டியோடு இருந்த ஒரு பெண் மகரகமவுக்குப் போவதென்றால் பாஸ் எடுக்கவேண்டும், சோதனைச்சாவடி தாண்டவேண்டும், கொழும்பில் தங்க இடம் வேண்டும், லொட்ஜில் பொலிஸ் பதிவு வேண்டும். போகாமலே செத்தவர்கள் உண்டு. என்ன வருத்தம் என்று எவரும் எழுதிக் கொடுக்காமல் செத்தவர்கள். கிளினிக் கொப்பிகள் இடப்பெயர்வில் தொலைந்தன. ஆகவே எங்கட தலைமுறை அரைகுறை மரத்தோடுதான் வைத்தியரிடம் போகிறது. அதனால்தான் மிச்சம் இருக்கிறதை மறைக்கிறவர்கள் மேல் இவ்வளவு கோபம் வருகிறது.

மறைக்கிறவர்களில் வெளிநாட்டுச் சொந்தம் முக்கியமானது. லண்டனில், ரொறன்ரோவில் இருக்கிற சின்னம்மாவுக்கு மார்பில் வந்தால் அங்கே மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். கோளாறு இருந்தால் “உங்கட சகோதரங்களுக்கும் அவையின்ர பிள்ளைகளுக்கும் சொல்லுங்கோ” என்று அங்கத்தைய கிளினிக்கில் சொல்லுவார்கள், கொடுப்பதற்குக் கடிதமும் தருவார்கள். அந்தக் கடிதம் சாவகச்சேரிக்கு வருகிறதா? மட்டக்களப்புக்கு வருகிறதா? பிறந்தநாள் கேக் படம் வைபரில் வருகிறது, கோயில் திருவிழாவுக்குக் காசு வருகிறது, ஹோல் எடுத்துச் செய்த சாமத்திய வீட்டு வீடியோ முழுக்க வருகிறது. குடும்பத்தில் ஒருவருக்குக் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தபிறகு, மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழுப் பரிசோதனையைவிட அது சுலபம், செலவும் குறைவு, பதிலும் தெளிவு: இருக்கு, இல்லை. அந்த ஒரு கடதாசியை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள், காசை நிப்பாட்டினாலும் பரவாயில்லை, கடதாசியைப் படம் எடுத்து அனுப்புங்கோ.

வீட்டை இவ்வளவு திட்டிவிட்டு ஆஸ்பத்திரியைச் சும்மா விட்டால் நியாயமில்லை. எங்கட வட்டத்தில் ஒரு தோழிக்கு இருபத்தைந்து வயது. தாய்க்கு நாற்பத்திரண்டில், தாயின் அக்காவுக்கு முப்பத்தெட்டில். இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் நோ. ஒரு வைத்தியரை சனல் பண்ணிப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “கலியாணம் கட்டியாச்சோ?” இல்லை என்றதும் சிரித்திருக்கிறார். கட்டினால் எல்லாம் சரிவரும் என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதினார். கையால் பரிசோதிக்கவில்லை. குடும்பத்தில் ஆருக்காவது இருக்கா என்று கேட்கவில்லை, அவள் தானாகச் சொன்னபோது “நீர் சின்னப்பிள்ளை” என்றார். மூன்று நிமிஷம், அதற்கு அவள் கட்டின காசு வேறு. மூன்று மாதம் கழித்து அரச ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் ஒரு இளம் பெண் வைத்தியர், சதமும் வாங்காமல், இருபது நிமிஷம் இருந்து மரம் கீறி எழுதினா. நோ ஒன்றுமில்லை, விலா எலும்புப் பக்கத்து அழற்சி. ஆனால் அவளுக்கு இப்போது ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது, வருடத்துக்கு ஒருதரம் போகிற திகதி இருக்கிறது. அவள் தப்பினது இரண்டாம் தரம் போனபடியால். முதல் தரத்தோடு வெட்கப்பட்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கலியாணம் என்பது மருந்தில்லை என்று வைத்தியருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கட மருத்துவபீட நண்பர்கள் இதை வாசித்தால் கோபிக்கட்டும்.

கட்டமைப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எம்ஓஎச் பணிமனைகளோடு 1996இலிருந்து நடக்கிற சுகவனிதையர் கிளினிக் நல்ல திட்டம். இலவசம், மார்பைக் கையால் பரிசோதிப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அது முப்பத்தைந்து வயதுப் பெண்ணையும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணையும் குறிவைத்து அமைத்தது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறபோதும் கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும்தான் தேடிப் போகிறா. கட்டாத இருபத்திநாலு வயதுக்காரி அவவின் கொப்பியில் எங்கேயும் இல்லை. தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இருபது வயதிலிருந்து மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்க்கவும், இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் மூன்று வருடத்துக்கு ஒருதரம் வைத்தியரிடம் பரிசோதிக்கவும் சொல்கிறது. எங்கே போய், எந்த வரிசையில் நின்று? கம்பஸில் சேருகிறபோது எடுக்கிற மெடிக்கலில் கண்ணும் பல்லும் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் குடும்பப் புற்றுநோய் வரலாற்றுக்கு ஒழுங்கான ஒரு பகுதி வைத்து, ‘ஆம்’ என்று எழுதின பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைத்தால் எவ்வளவு செலவாகும்? மலையகத்தில் கிளினிக்குக்குப் போகிற நாள் பெயர் விழாத நாள், சம்பளம் இல்லாத நாள். அங்கே தோட்டத்து டிஸ்பென்சரிக்கே மாதத்தில் ஒருநாள் பெண் வைத்தியர் வரவேண்டும் என்று கேட்பது ஆடம்பரமா?

ஒக்டோபர் வந்தால் எல்லாரும் பிங்க் கட்டுவார்கள். வங்கிகள் பலூன் கட்டும், பாடசாலைப் பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்துக்கொண்டு நடப்பார்கள், பிரதம விருந்தினர் குத்துவிளக்கேற்றுவார். நவம்பர் முதலாம் திகதி பிங்க் ரிபன் குப்பைவாளிக்குள். நடை பற்றி எங்களுக்கு விரோதம் இல்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பழையில் அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. அது வந்தபிறகு வடக்கில் எத்தனையோ பேருக்கு மகரகம அலைச்சல் குறைந்தது. அந்த நடை ஒரு கட்டிடத்தில் போய் முடிந்தது. ஒக்டோபர் நடை முகநூலில் போய் முடிகிறது. பதாகை பிடித்த பிள்ளைகளில் ஒருத்தியிடமாவது உன்ர வீட்டில் ஆருக்கு இருந்தது என்று எவராவது கேட்டார்களா?

எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற மறுப்புகள் உண்டு. ஊசி குத்தினால் கட்டி பரவுமாம். இல்லை. பயொப்சி செய்யாமல் என்ன வகை என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து இல்லை. படம் எடுத்தால் கதிர் பட்டுப் புற்றுநோய் வருமாம். மமோகிராம் ஒன்றில் படுகிற கதிரின் அளவு, சும்மா பூமியில் இருந்தாலே சில கிழமைகளில் எங்களுக்குப் படுகிற அளவுதான். இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் அதுகூட எடுப்பதில்லை, இழையம் அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான் முதலில், அதில் கதிரே இல்லை. அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தால் கரையுமாம். இதை வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தங்கட பல்லுக்கு நோ வந்தால் இலை அவிக்கமாட்டார்கள், பல் டொக்டரிடம்தான் போவார்கள். “தெரிஞ்சு என்ன செய்யப்போறம்” என்பதுதான் கடைசி மறுப்பு, கொஞ்சம் மரியாதையோடு பதில் சொல்லவேண்டியதும் அதுதான். சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் முலை முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கலாம், கீமோவே தேவைப்படாமலும் போகலாம். தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது, பிந்தித் தெரிந்தால்தான் குறைகிறது.

எப்படிப் போவது? கடிதம் தேவையில்லை, அரச ஆஸ்பத்திரி ஓபிடியில் துண்டு எடுத்து, “பிரெஸ்டில நோ, அம்மாவுக்குக் கான்சர் இருந்தது” என்று இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். இரண்டாவது பாதியை விட்டால் முதல் பாதியை ஒருவரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் வைத்தியர் என்றால் பக்கத்தில் ஒரு தாதி நிற்கவேண்டும், அதைக் கேட்பது உரிமை. மறைப்புக்குள் மேற்சட்டையைக் கழற்றச் சொல்லுவார்கள், கையைத் தூக்கச் சொல்லி, படுக்கச் சொல்லி, கமக்கட்டும் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷம். தேவையென்றால் ஸ்கான், ஸ்கானில் ஏதும் தெரிந்தால் ஊசி. மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழித்துப் போனால் பரிசோதிக்கச் சுகம், நோவும் குறைவு. கட்டி பட்டால் மட்டும் நாள் பார்க்கவேண்டாம். நோ வருகிற திகதிகளை இரண்டு மாதம் கலண்டரில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியரின் பாதி வேலை முடியும். வீட்டு மரம் கனமாகத் தெரிந்தால் மரபியல் ஆலோசனைக்குக் கொழும்புக்கு எழுதுவார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடம் அதைச் செய்கிற இடங்களில் ஒன்று. பரிசோதனைக்குக் காசு செலவாகலாம், அதை முதலே கேட்டு வையுங்கள். சந்தேகம் இருக்கும்போது கோளாறு வந்த ஆளைத்தான் முதலில் பரிசோதிப்பது வழக்கம், ஆகவே அம்மா உயிரோடு இருந்தால் அவவையும் கூட்டிப் போகவேண்டிவரும். அந்தப் பஸ் பயணத்தில் அம்மாவிடம் கேட்க நிறைய இருக்கும்.

போவதற்கு முந்தின நாள் இரவு, வீட்டில் அலுமாரியின் மேல் தட்டில் கிடக்கிற அம்மம்மாவின் கல்வெட்டை எடுத்து நடுப்பக்கத்தை விரியுங்கள். பென்சில் போதும். தெரிந்ததை எழுதிவிட்டுத் தெரியாத பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். அதேமாதிரி அப்பம்மாவின் கல்வெட்டும் எங்காவது கிடக்கும். பிறகு ரொறன்ரோ மாமிக்குக் கோல் எடுங்கள். சுகம் விசாரித்து, சாப்பாட்டை விசாரித்து முடிந்தபிறகு அவவே ஏதோ கதைக்கு இருக்கு என்று விளங்கிக்கொள்ளுவா.